எண்ணிம ஆவணகங்களை உருவாக்கவும் காக்கவும் மரபுரிமைப் பணியாளர்களைப் பயிற்றுவித்தல்: முழுமையான வழிகாட்டி

ஓலைச்சுவடி, பழைய நிழற்படம், கையெழுத்துப் பதிவேடு, ஒலிநாடா ஆகியவற்றைக் காத்துவரும் நிறுவனங்களில் எண்ணிம (டிஜிட்டல்) பயிற்சி பெரும்பாலும் ஸ்கேனர் வந்திறங்கும் நாளில் தொடங்கி, அதை இயக்கக் கற்றுக்கொண்ட நாளில் முடிந்துவிடுகிறது. திட்டத்துக்கான பணம் தீர்ந்து சில ஆண்டுகள் கழித்து அதே இடத்துக்குச் சென்றால், பெயர் ஒட்டப்படாத ஹார்டு டிஸ்க்குகள் அலமாரியில் இருக்கும். எதில் எது இருக்கிறது என்று அறிந்த ஒரே ஊழியர் வேறு பணிக்குப் போயிருப்பார். படமெடுக்கத் தெரிந்தவர்களைப் பயிற்சி உருவாக்கியது, ஆவணகத்தைப் பொறுப்பேற்று நடத்துபவர்களை உருவாக்கவில்லை என்பதே இதன் காரணம். எனவே பயிற்சியைத் திட்டமிடுபவர் முதல் நாளிலிருந்து முன்னோக்கி யோசிப்பதைவிட, ஐந்தாம் ஆண்டில் யார் எந்த வேலையைச் செய்துகொண்டிருக்க வேண்டும் என்று தீர்மானித்து, அங்கிருந்து பின்னோக்கிப் பாடங்களை அமைப்பது நல்லது. இந்த வழிகாட்டி அந்த முறையில் எழுதப்பட்டது.

முதற்படி: ஆட்களைத் தேர்வதும் நிறுவனத்தின் ஒப்புதலைப் பெறுவதும்

ஒரு நிறுவனத்திலிருந்து ஒருவரை மட்டும் பயிற்சிக்கு ஏற்பது தவறு. அவர் விடுப்பில் சென்றால் வேலை நிற்கும், பணி மாறினால் ஆவணகமே நின்றுவிடும். குறைந்தது இருவர் வர வேண்டும். ஒருவர் சேகரத்தை நன்கு அறிந்தவராகவும் மற்றவர் கணினி, சேமிப்பகம் ஆகியவற்றைக் கையாளுபவராகவும் இருந்தால், பயிற்சி நாட்களிலேயே இருவரும் ஒருவர் மொழியை மற்றவர் கற்றுக்கொள்வார்கள். சுவடியின் கட்டு, ஏடு, இதழ் என்று பேசுபவரும் சர்வர், கோப்பு, அனுமதி என்று பேசுபவரும் ஒரே மேசையில் உட்காராத இடத்தில் எந்த மென்பொருளும் உதவாது.

பங்கேற்பாளரின் பெயரைப் பெறுவதற்கு முன்பே அந்நிறுவனத் தலைவரிடமிருந்து மூன்று உறுதிமொழிகளை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். பயிற்சிக்குப் பிறகு இந்த இருவருக்கும் வாரத்தில் எத்தனை மணி நேரம் இப்பணிக்கென ஒதுக்கப்படும், சேமிப்புக்கான ஆண்டுச் செலவு எந்தக் கணக்கிலிருந்து வரும், இவர்களில் ஒருவர் விலகினால் பொறுப்பு யாரிடம் போகும் என்பவையே அவை. இவற்றுக்கு விடை தர முடியாத நிறுவனத்துக்குப் பயிற்சியைவிட முதலில் தேவைப்படுவது அதன் நிர்வாகத்துடன் ஓர் உரையாடல்.

தொடக்கநிலையை அளக்க, அமெரிக்காவின் தேசிய எண்ணிமப் பொறுப்பாளர் கூட்டமைப்பு 2013-இல் வெளியிட்டு 2019-இல் திருத்திய ‘எண்ணிமப் பாதுகாப்பு நிலைகள்’ என்ற அட்டவணை மிக வசதியானது. சேமிப்பு, நம்பகத்தன்மை, கட்டுப்பாடு, மீதரவு (கோப்பைப் பற்றிய விவரங்கள்), உள்ளடக்கம் என்ற ஐந்து துறைகளை நான்கு நிலைகளாகப் பிரித்து, ஒரே பக்கத்தில் நிறுவனம் எங்கே நிற்கிறது என்று அது காட்டிவிடும். பயிற்சிக்கு முன்பு பங்கேற்பாளர்களே இதை நிரப்பட்டும். பயிற்சியின் பயனை ஓராண்டு கழித்து அளப்பதற்கும் இதே தாள்தான் தேவைப்படும் என்பதால் அதைப் பத்திரப்படுத்துங்கள்.

இரண்டாம் படி: உண்மையான ஒரு சிறு சேகரத்தைக் கையில் எடுப்பது

மாதிரிப் படங்களை வைத்து நடத்தும் பயிற்சி மாதிரி முடிவுகளையே தரும். ஒவ்வொரு குழுவும் தன் நிறுவனத்திலிருந்து 100 அல்லது 150 உருப்படிகள் கொண்ட சிறு சேகரம் ஒன்றைத் தேர்ந்து, தேர்வு முதல் பொதுப் பயன்பாடு வரை எல்லாக் கட்டங்களையும் அதிலேயே செய்து முடிக்க வேண்டும். சேகரம் சிறியதாக இருப்பது முக்கியம். பெரியதாக இருந்தால் பயிற்சிக் காலம் முழுவதையும் படமெடுப்பதே விழுங்கிவிடும்.

கால அளவைப் பொறுத்தவரை, தொடர்ந்து ஒரு மாதம் வகுப்பறையில் உட்கார வைப்பதைவிட, இரண்டு வாரம் நேரடிப் பயிற்சியும் அதன்பின் ஓராண்டுக்கு மாதம் ஒருமுறை தொடர் சந்திப்பும் பயனளிக்கும் என்பது என் முடிவு. சிக்கல்கள் வகுப்பறையில் எழுவதில்லை. மூன்றாம் மாதம் சேமிப்பகம் நிரம்பும்போதும், ஆறாம் மாதம் ஒருவர் பதிப்புரிமை கேட்டு எழுதும்போதுமே எழுகின்றன.

மூன்றாம் படி: எதை எடுப்பது, எதை எடுக்கக் கூடாது

முதல் இரண்டு நாட்களுக்கு எந்தக் கருவியையும் மேசைமேல் வைக்காதீர்கள். எல்லாவற்றையும் எண்ணிமமாக்கும் வசதி எந்த நிறுவனத்துக்கும் இல்லை என்பதால், எதை முதலில் எடுப்பது என்று நியாயம் சொல்லத் தெரிவதே முதல் திறன். உருப்படியின் சிதைவு நிலை, வேறெங்கும் படி (நகல்) இல்லாமை, ஆய்வாளர்களின் தேவை, உரிமை நிலை ஆகிய நான்கையும் எடைபோட்டு ஒரு பக்கத்தில் காரணம் எழுதச் சொல்லுங்கள். காந்த ஒலிநாடாக்கள் இருந்தால் அவற்றுக்கு முன்னுரிமை தர வேண்டும். நாடா தானே சிதைகிறது என்பதோடு, அதை ஓட்டும் கருவிகளும் உதிரிப்பாகங்களும் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் அருகிவருகிறார்கள். நல்ல தாளில் எழுதப்பட்ட கையெழுத்துப் படி, நாடாவைவிடப் பல ஆண்டுகள் பொறுமையாகக் காத்திருக்கும்.

உரிமையும் அனுமதியும் சட்டத்தோடு முடிவதில்லை. சடங்குப் பாடல்கள், இறந்தோரின் படங்கள், குறிப்பிட்ட சமூகத்துக்குள் மட்டுமே புழங்கும் அறிவு ஆகியவற்றில், பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதாலேயே யாரும் பார்க்கலாம் என்றாகிவிடாது. ஆஸ்திரேலியாவின் டெனன்ட் கிரீக்கைச் சேர்ந்த வருமுங்கு மக்களோடு சேர்ந்து உருவாக்கப்பட்ட ஆவணகத்திலிருந்து வளர்ந்த முக்குர்ட்டு என்ற மென்பொருளை இந்த வகுப்பில் கட்டாயம் காட்ட வேண்டும். யார் எதைப் பார்க்கலாம் என்பதை அச்சமூகத்தின் சொந்த மரபு விதிகளின்படி அது தீர்மானிக்கிறது. கூட்டுப் பயன், கட்டுப்படுத்தும் அதிகாரம், பொறுப்பு, அறநெறி என்ற நான்கு கொள்கைகளைத் தொல்குடித் தரவுகளுக்காக 2019-இல் வகுத்த ‘கேர்’ கோட்பாடும் இங்கே பாடமாக வேண்டும். தன் சேகரத்திலிருந்து பொதுவெளியில் வைக்கக் கூடாத ஓர் உருப்படியையாவது ஒவ்வொரு குழுவும் அடையாளம் கண்டு, ஏன் என்று மற்றவர்களுக்கு விளக்கட்டும். இந்தப் பயிற்சியில் நடக்கும் விவாதம்தான் பலருக்கும் நெடுநாள் நினைவில் நிற்பது.

நான்காம் படி: கையாள்வதும் படமெடுப்பதும்

மூலப்பொருளுக்குச் சேதம் வராமல் இருப்பதே இங்கு முதல் விதி. மடிந்த தாளை வலிந்து நிமிர்த்துவது, இறுகிய தையலுள்ள நூலைத் தட்டையாக அழுத்துவது, அழுக்கை ஈரத்துணியால் துடைப்பது போன்றவற்றைப் பாதுகாப்பு வல்லுநர் ஒருவரை வைத்து நேரில் காட்டித் தடுக்க வேண்டும். படத்துக்காக நூலைத் திறக்க முடியாவிட்டால், அந்த நூல் படமாகாமலே இருக்கட்டும்.

தரத்தைப் பற்றிப் பேசும்போது எண்களைக் கணக்கோடு சேர்த்துச் சொல்லுங்கள். ஏ4 அளவுப் பக்கம் ஒன்றை அங்குலத்துக்கு 400 படப்புள்ளிகள், 24 பிட் வண்ணம் என்ற அளவில் எடுத்தால், சுருக்கப்படாத டிஃப் (பாதுகாப்புக்கான பட வடிவம்) கோப்பு ஏறத்தாழ 46 மெகாபைட் வரும். 10,000 பக்கங்களுக்கு அது 460 ஜிகாபைட். மூன்று படிகள் வைத்தால் சுமார் 1.4 டெராபைட். ஒலிப்பதிவுக்குப் பரவலாகப் பரிந்துரைக்கப்படும் 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் ஒரு மணி நேர இரட்டைத்தடப் பதிவு ஏறத்தாழ 2 ஜிகாபைட் எடுக்கும். இந்தப் பெருக்கலைப் பங்கேற்பாளர்களே தங்கள் முழுச் சேகரத்துக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். தரத்தைக் கூட்டினால் சேமிப்புச் செலவு ஆண்டுதோறும் கூடும் என்பது அப்போதுதான் கைக்கணக்காகப் புரியும். ஒவ்வொரு தொகுதியின் தொடக்கத்திலும் வண்ண அட்டையையும் அளவுகோலையும் சேர்த்துப் படமெடுப்பது, பாதுகாப்புக்கான மூலக்கோப்பை எந்தத் திருத்தமும் செய்யாமல் வைத்துக்கொண்டு பயன்பாட்டுக்கான ஜேபெக் படியைத் தனியே உருவாக்குவது ஆகிய இரண்டும் பழக்கமாக வேண்டும்.

கோப்புப் பெயர் சிறிய விஷயமாகத் தோன்றும். ‘புதியது’, ‘இறுதி’, ‘இறுதி 2’ என்ற பெயர்கள் எடுத்தவருக்கு மட்டுமே, அதுவும் ஒரு மாதத்துக்கு மட்டுமே புரியும். நிறுவனக் குறியீடு, சேகர எண், உருப்படி எண், நான்கு இலக்கப் பக்க எண் என்ற வரிசையில், இடைவெளியோ சிறப்புக்குறியோ இல்லாமல் பெயரிட்டால் எந்தக் கணினியிலும் கோப்புகள் சரியான வரிசையில் நிற்கும். ஒரு பயிற்சியில் 212 ஏடுகள் கொண்ட சுவடிக் கட்டு ஒன்றைப் படமெடுத்தோம். இரண்டு பக்கமும் சேர்த்து 424 படங்கள் வர வேண்டும், 424-தான் இருந்தன. ஆனாலும் ஏட்டெண்ணோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டபோது 47-ஆம் ஏடு இரண்டு முறையும், 48-ஆம் ஏடு ஒரு முறைகூட இல்லாமலும் பதிவாகியிருந்தன. எண்ணிக்கை மட்டும் பார்த்திருந்தால் கட்டைக் கயிறு சுற்றி உள்ளே வைத்திருப்போம். மூலப்பொருளைத் திருப்பி வைப்பதற்கு முன்பு, எடுத்தவர் அல்லாத இன்னொருவர் ஒவ்வொரு படத்தையும் மூலத்தோடு ஒப்பிட்டுக் கையொப்பமிட வேண்டும் என்ற விதியை அன்றிலிருந்து நான் தளர்த்தியதே இல்லை.

ஐந்தாம் படி: மீதரவு எழுதுவது

பயிற்சியில் அதிக நேரத்தை இதற்குத்தான் ஒதுக்க வேண்டும். படம் தரமாக இருந்தும் அது என்ன, யாருடையது, எப்போதையது என்ற விவரம் இல்லையென்றால் யாராலும் தேடி எடுக்க முடியாது. தேடி எடுக்க முடியாத கோப்பு இருந்தும் இல்லாததே.

தலைப்பு, படைப்பாளர், பொருள், காலம், உரிமை முதலிய 15 கூறுகளைக் கொண்ட டப்ளின் கோர் என்ற மீதரவுத் தரம் தொடக்கத்துக்கு ஏற்றது; கற்பதும் எளிது. ஆவணத் தொகுதிகளுக்குப் பன்னாட்டு ஆவணக மன்றத்தின் ‘ஐசாட்-ஜி’ விதிகளும் தேவை. அவை சேகரம், தொடர், கோப்பு, தனி ஆவணம் என்று மேலிருந்து கீழாக விவரிக்கக் கற்றுத் தருவதால், ஓர் ஆவணம் எந்தத் தொகுப்பின் பகுதியாக வந்தது என்ற தொடர்பு அறுபடாது. மேலே ஒருமுறை எழுதியதைக் கீழே ஒவ்வொன்றிலும் திரும்ப எழுத வேண்டியதில்லை என்பதால் உழைப்பும் மிச்சம்.

பாடத்தைவிடப் பயிற்சியே இங்கு பேசும். ஒரே நிழற்படத்தை நான்கு பேரிடம் தனித்தனியே கொடுத்து விவரிக்கச் சொல்லுங்கள். நான் கொடுத்த படம் ஒன்றில் நாற்காலியில் ஒரு பெண்ணும் அருகில் நின்ற இரு சிறுவர்களும் இருந்தார்கள். ஒருவர் ‘தாயும் மகன்களும்’ என்று எழுதினார். ஒருவர் ‘குடும்பப் படம், சுமார் 1930’ என்றார். மூன்றாமவர் உடையையும் திரைச்சீலையையும் விவரித்தார். நான்காமவர் மட்டும் படத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்புறத்தில் பென்சிலால் ‘சின்ன அத்தையும் அண்ணன் பிள்ளைகளும்’ என்று எழுதியிருந்தது. கீழே நிழற்பட நிலையத்தின் முத்திரை பாதி அழிந்து கிடந்தது. பார்த்ததையும் ஊகித்ததையும் தனித்தனியே பதிய வேண்டும், ஊகம் என்றால் அதற்கு ஆதாரத்தைச் சொல்ல வேண்டும், பின்புறமும் படமெடுக்கப்பட வேண்டும் என்ற மூன்று விதிகளையும் அந்த ஒரு மணி நேரத்தில் அவர்களே வகுத்துக்கொண்டார்கள்.

காலத்தை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் ஐ.எஸ்.ஓ. 8601 என்ற பன்னாட்டுத் தரத்தின்படி எழுதவும், உறுதியில்லாத காலத்தைக் குறிக்க 2019-இல் அத்தரத்தின் இரண்டாம் பகுதியில் சேர்க்கப்பட்ட குறியீடுகளைப் பயன்படுத்தவும் கற்றுக்கொடுங்கள். ஒருவரின் பெயர் ஐந்து விதமாக எழுதப்பட்டிருந்தால், ஒன்றை முதன்மை வடிவமாகத் தேர்ந்து மற்றவற்றை மாற்று வடிவங்களாக இணைக்கும் பெயர்ப் பட்டியல் ஒன்றையும் முதல் நாளிலிருந்தே பராமரிக்க வேண்டும்.

தமிழில் பணிபுரிபவர்களுக்கு எழுத்துக் குறியாக்கம் தனிப் பாடம். ஒருங்குறி (யூனிகோடு) பரவுவதற்கு முன்பு பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் திறக்கும். பழைய விவரணப் பட்டியல்கள் பலவும் இந்நிலையில்தான் கிடக்கின்றன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும்போது மூலக்கோப்பையும் எழுத்துருவின் பெயரையும் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டும். மாற்றியதில் பிழை தெரிய வந்தால் திரும்பிச் செல்ல வேறு வழி இருக்காது.

ஆறாம் படி: காப்பது

எண்ணிமமாக்குவதே பாதுகாப்பது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கோப்பு தாளைவிட வேகமாக அழியக்கூடியது என்பதைப் பங்கேற்பாளர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு டிஃப் படத்தின் செக்சம் மதிப்பை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற குறியீட்டை) எஸ்.எச்.ஏ-256 முறையில் கணக்கிட்டு, வரும் 64 எழுத்துகளைத் தாளில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு அந்தப் படத்தின் நடுவில் ஒரே ஒரு பைட்டை மாற்றுங்கள். திரையில் படம் முன்போலவே தெரியும். செக்சம் மதிப்போ அடையாளமே தெரியாமல் மாறியிருக்கும். கண் காணாத சிதைவை எது கண்டுபிடிக்கும் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை. இதன் பிறகு, கோப்பு உருவான அன்றே செக்சம் பதிவது, ஒவ்வொரு இடமாற்றத்துக்குப் பின்பும் சரிபார்ப்பது, ஆண்டுக்கு ஒருமுறையேனும் முழுச் சேகரத்தையும் ஒப்பிடுவது என்ற ஒழுங்கை அவர்கள் தயங்காமல் ஏற்பார்கள்.

மூன்று படிகள், இரு வகை ஊடகங்கள், ஒன்று வேறிடத்தில் என்ற விதி எல்லோருக்கும் தெரிந்ததே. 2009-ஆம் ஆண்டு மார்ச் 3 அன்று ஜெர்மனியின் கொலோன் நகர ஆவணகக் கட்டடம் இடிந்து விழுந்ததும், 2018 செப்டம்பரில் பிரேசிலின் தேசிய அருங்காட்சியகம் தீக்கிரையானதும், ‘வேறிடம்’ என்பது அடுத்த அறை அல்ல என்பதைக் காட்டுகின்றன. 2023 அக்டோபரில் பிரித்தானிய நூலகத்தின் மீது நடந்த இணையத் தாக்குதல் இன்னொன்றைக் கற்றுத்தந்தது. அதன் முதன்மை விவரணப் பட்டியல் 2024 ஜனவரியில்தான், தேடிப் பார்ப்பதற்கு மட்டுமான வடிவில் திரும்பியது. தரவு பத்திரமாக இருந்தாலும், அதை மீண்டும் இயக்கத்துக்குக் கொண்டுவரும் அமைப்புகள் சேதமானால் மீட்பு நீளும். எனவே ஒரு படியாவது வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும்.

பேக்கப் எடுப்பதை எல்லோரும் கற்றுத் தருகிறார்கள். மீட்டெடுப்பதைக் கற்றுத்தருபவர்கள் குறைவு. பயிற்சியின் இரண்டாம் வாரத்தில், முன்னறிவிப்பின்றி ஒரு குழுவின் முதன்மைப் படியை அகற்றிவிட்டு, இரண்டாம் படியிலிருந்து எல்லாவற்றையும் மீட்டு, செக்சம் ஒப்பிட்டு, எவ்வளவு நேரமானது என்று பதிவு செய்யச் சொல்லுங்கள். (நீங்கள் அகற்றியதன் படி ஒன்று உங்களிடம் தனியே இருக்கட்டும்.) முதல் முயற்சியிலேயே எல்லாக் கோப்புகளும் திரும்பி வந்த குழுவை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

ஊடகங்களும் வடிவங்களும் மூப்படைவதைத் தனியே விளக்க வேண்டும். எல்.டி.ஓ. என்ற தரவுச் சேமிப்புக் காந்த நாடாக்களில் ஏழாம் தலைமுறைவரை ஓர் இயக்கி தனக்கு முந்தைய இரு தலைமுறை நாடாக்களைப் படித்தது. எட்டாம் தலைமுறை இயக்கி முந்தையவற்றில் ஏழாம் தலைமுறையை மட்டுமே படிக்கும். நாடா கெடாமல் இருந்தும் படிக்கக் கருவி இல்லாத நிலை இப்படித்தான் உருவாகிறது. புதிய இயக்கியை வாங்கும் ஆண்டும் பழைய நாடாக்களை இடம்மாற்றும் ஆண்டும் ஒரே திட்டத்தில் எழுதப்பட வேண்டும்.

எண்ணிம ஆவணகத்தின் கருத்தமைப்பான ஓ.ஏ.ஐ.எஸ்., அதாவது ஐ.எஸ்.ஓ. 14721 தரத்தை இந்த இடத்தில் அறிமுகப்படுத்துங்கள். தொடக்க நாளில் சொன்னால் வெறும் பெட்டிப் படமாகத் தெரியும். கோப்புகளோடு உழன்றபின் சொன்னால், உள்ளே வரும் பொதி, காக்கப்படும் பொதி, பயனருக்குத் தரப்படும் பொதி என்ற பிரிவு தாங்கள் செய்துகொண்டிருப்பதன் பெயர்தான் என்று புரிந்துகொள்வார்கள். கோப்புகளையும் செக்சம் பட்டியலையும் ஒரே கோப்புறையில் கட்டும் பேக்இட் முறையையும் உடனே செய்து பார்க்கலாம்.

ஏழாம் படி: மென்பொருளும் பொதுப் பயன்பாடும்

பாதுகாப்புப் பணிக்கு ஆர்க்கைவ்மேட்டிகா, ஆவண விவரணைக்கு ஆட்டம் (AtoM), களஞ்சியத்துக்கு டிஸ்பேஸ், கண்காட்சி போன்ற வெளியீட்டுக்கு ஒமேக்கா என்று கட்டற்ற மென்பொருள்கள் பல உள்ளன. எதைத் தேர்ந்தாலும் ஒரு கேள்வியை முதலில் கேளுங்கள்: நாளை இதைக் கைவிட நேர்ந்தால், கோப்புகளையும் மீதரவையும் முழுமையாக வெளியே எடுக்க முடியுமா? வகுப்பிலேயே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். முடியாவிட்டால் அந்த மென்பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். ஒரு விரிதாளும் ஒழுங்கான கோப்புறைகளும் செக்சம் பட்டியலும் கொண்ட சிறு ஆவணகம், பராமரிக்க ஆளில்லாத பெரிய மென்பொருளைவிடப் பாதுகாப்பானது.

எட்டாம் படி: கைமாற்றுப் பயிற்சி

ஒவ்வொரு குழுவும் தன் ஆவணகத்துக்கு ஒரு நடைமுறைக் கையேடு எழுத வேண்டும். எந்தப் படி எங்கே உள்ளது, கடவுச்சொற்கள் எவர் பொறுப்பில் உள்ளன, செக்சம் சரிபார்ப்பு எந்த மாதம், ஹார்டு டிஸ்க்கை எந்த ஆண்டு மாற்ற வேண்டும், ஒரு கோப்பு பழுதானால் முதலில் என்ன செய்வது என்பவை அதில் இருக்க வேண்டும். ஆண்டுச் செலவுப் பட்டியலும் அதிலேயே இருக்கட்டும். சேமிப்பு, ஊடக மாற்றம், பணியாளர் நேரம் ஆகிய மூன்றில் கடைசியையே பெரும்பாலோர் எழுத மறக்கிறார்கள், ஆனால் பெரும் பங்கு அதுதான்.

பிறகு குழுக்கள் இடம் மாறட்டும். முதல் குழுவின் ஆவணகத்தை இரண்டாம் குழு, கையேட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு நாள் நடத்த வேண்டும்: புதிய உருப்படி ஒன்றைச் சேர்ப்பது, ஒரு பயனரின் வேண்டுகோளுக்குக் கோப்பைத் தேடித் தருவது, சரிபார்ப்பை ஓட்டுவது. எழுதியவர்கள் அருகில் அமரலாம். வாய் திறக்கக் கூடாது. எங்கே அவர்கள் பேசத் துடிக்கிறார்களோ அங்கே கையேட்டில் ஒரு பத்தி குறைகிறது என்று பொருள். மாலையில் அந்தப் பத்திகளை எழுதிச் சேர்த்து, கையேட்டை மறுபடி அச்சிட்டு, ஒரு படியைச் சேமிப்பகத்திலும் ஒரு படியைத் தாளாக அலுவலக அலமாரியிலும் வைக்கச் சொல்லுங்கள்.

ஒன்பதாம் படி: ஓராண்டுத் தொடர் சந்திப்பு

மாதச் சந்திப்புகளில் புதிய பாடம் எதுவும் வேண்டாம். கடந்த மாதம் எத்தனை உருப்படிகள் சேர்ந்தன, எந்தச் சரிபார்ப்பு தவறியது, யார் பணி மாறினார்கள் என்று மட்டும் கேளுங்கள். ஆறாம் மாதத்தில் மீட்புப் பயிற்சியை அவர்களது சொந்த இடத்திலேயே மறுபடி நடத்துங்கள். பன்னிரண்டாம் மாதம், தொடக்கத்தில் நிரப்பிய ஒற்றைத் தாளை எடுத்து, ஐந்து துறைகளையும் புதிதாக நிரப்பி அருகருகே வையுங்கள். ஏதேனும் ஒரு துறை அதே நிலையில் நின்றால் காரணத்தை நிறுவனத் தலைவர் இருக்கும்போதே பேசி, அடுத்த ஆண்டுச் சரிபார்ப்பின் தேதியையும் அதைச் செய்யப்போகும் இருவரின் பெயரையும் அந்தத் தாளின் அடியில் எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.